இடிந்த சுவரும் தெளிந்த நீரும்

உயிருள்ள யாவற்றையும் தண்ணீரிலிருந்தே படைத்ததாக வல்ல இறைவன் தன் திருமறையில் அறிவிக்கின்றான். தூய நீர் இல்லையேல் ஒளு இல்லை. ஒளு இல்லையேல் தொழுகை இல்லை. ஓடுகின்ற ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் வீண்விரயம் செய்யலாகாது என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. மதீனாவில் மக்கள் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கிய ரூமா என்னும் கிணற்றைத் தம் சொந்தப் பொருளால் வாங்கி, எல்லோருக்கும் பொதுவாக்கியவர் ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள். அந்த வழிவந்த நம் முன்னோர்கள் ஊர்தோறும் கிணறு வெட்டினார்கள், குளம் தோண்டினார்கள், பள்ளிவாசல்தோறும் ஹவ்ளு கட்டினார்கள்.

கிணறு வெட்டுவது நிலையான தருமம் எனில், நஞ்சேறிய தண்ணீரை மீண்டும் நல்ல தண்ணீராக்குவதும் அதனினும் குறைந்த தருமம் அன்று. இக்காலத்தில் நாம் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். தொழிற்சாலைக் கழிவாலும், நிலத்தடிப் பாறையாலும் தண்ணீரில் கரைந்துவிடும் ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்களை அகற்ற, நாம் வீட்டை இடித்து வீதியில் கொட்டும் செங்கல்லும் காரையும் கான்கிரீட்டும் உதவும் என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். உண்மையில் அது எவ்வளவு தூரம் உதவும்? எங்கே உதவாது? காரைக்காலில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு? இவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

காரைக்காலும் கல்மேடும்

பிரெஞ்சு ஆட்சியில் 1739 முதல் இருந்து, 1954 நவம்பர் 1-இல் இந்தியாவுடன் இணைந்த காரைக்கால், காவிரிப் படுகையின் கடைக்கோடியில் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு நிலப்பகுதி. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு என்று காவிரியின் கிளைகள் பலவும் இதன் வழியே கடலில் கலக்கின்றன. கடைமடை என்பதால் மேலே உள்ளவர்கள் விட்டதுதான் நமக்கு வரும். நீரும் அப்படியே, அழுக்கும் அப்படியே. 2007-ஆம் ஆண்டுக் காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் புதுச்சேரி மாநிலத்திற்கு ஒதுக்கப்பட்டது 7 டி.எம்.சி. நீர். அந்நீர் முறையாக வந்து சேராத ஆண்டுகளில் நிலத்தடி நீரையே நம்ப வேண்டியுள்ளது. அளவுக்கு மீறி இறைத்தால் பக்கத்தில் காத்திருக்கும் கடல் உள்ளே வந்துவிடுகிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. புதுச்சேரி மாநிலத்தில் அதில் இடம்பெற்றவை சுண்ணாம்பாறும் நம் அரசலாறும் ஆகும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியல் சாக்கடை முதலிய அழுகும் கழிவின் அளவை வைத்துத் தயாரிக்கப்பட்டது. உலோக நஞ்சின் அளவை வைத்து அன்று. எனவே அரசலாற்றில் உலோக நஞ்சு மிகுந்துள்ளது என்று அதைக் கொண்டு கூறிவிட முடியாது. ஆனால் சாக்கடை எந்த வழியாக ஆற்றை அடைகிறதோ, அதே வழியாகத்தான் பழைய பேட்டரியின் ஈயமும், முலாம் பூசும் பட்டறையின் கழிவும், உடைத்தெறிந்த மின்கருவிகளின் உலோகமும் வந்து சேரும். வழி திறந்திருக்கிறது என்பதே எச்சரிக்கைக்குப் போதுமானது.

இனிக் கல்மேட்டைப் பார்ப்போம். சைகோனிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்டிய நம் பாட்டனார்கள் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் கொண்டு முற்றம் வைத்த வீடுகளைக் கட்டினார்கள். வளைகுடாவில் உழைத்த மக்கள் அவற்றை இடித்துவிட்டு மாடி வீடு கட்டினார்கள். இடித்ததில் தேக்கு மரத்தூணும் கதவும் விலை போயின. செங்கல் துண்டும் காரையும் கான்கிரீட்டும் எங்கே போயின? பெரும்பாலும் ஆற்றங்கரைக்கும், வாய்க்காலுக்கும், ஊர்க் குளத்திற்கும்! நீர் தங்க வேண்டிய இடத்தில் கல் தங்கியது. மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் அன்றோ?

இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 15 கோடி டன் கட்டட இடிபாடு சேர்வதாக மத்திய அரசின் கட்டுமானப் பொருள் மேம்பாட்டு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அதில் முறையாக மறுபயன் பெறுவது நூற்றில் ஒரு பங்கு அளவே என்று சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டுக் காட்டினர். தில்லியின் புராரியில் 2009 முதல் இடிபாட்டை அரைத்துக் கல்லும் மணலும் ஆக்கும் ஆலை நடைபெறுகிறது. அங்கே அது நடைபாதைக் கல்லாகவும் சாலை அடித்தளமாகவும் மாறுகிறது. அரைக்கும்போது மிஞ்சும் நுண்ணிய தூளுக்குத்தான் பயன் குறைவு. அந்தத் தூளே நஞ்சைப் பிடிக்கும் வேலைக்கு மிகவும் ஏற்றதாக அமைந்திருப்பது இறைவனின் ஏற்பாட்டில் ஓர் அழகு.

நாவுக்குத் தெரியாத நஞ்சு

தண்ணீரின் தூய்மையை அளந்து பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஷாஃபிஈ மத்ஹபினர் இரு குல்லத் அளவையும், ஹனஃபி மத்ஹபினர் பத்து முழத்திற்குப் பத்து முழம் என்னும் அளவையும் வைத்து, நீர் எப்போது அசுத்தமாகும் என்று நுணுக்கமாகப் பேசியுள்ளனர். நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று அசுத்தத்தால் மாறிவிட்டதா என்று பார்ப்பதும் ஃபிக்ஹுச் சட்டத்தின் வழக்கம். ஆனால் கரைந்திருக்கும் ஈயமோ ஆர்செனிக்கோ இம்மூன்றில் எதையும் மாற்றுவதில்லை. பளிங்கு போல் தெளிந்திருக்கும், இனிக்கவும் செய்யும். ஒளுவுக்குத் தகுதியான அந்நீர் உயிருக்குத் தீங்கானதாக இருக்கலாம். தனக்கும் தீங்கில்லை, பிறருக்கும் தீங்கிழைத்தலில்லை என்னும் நபிமொழி விதி இங்கேதான் முன்னிற்கிறது.

எவ்வளவு சேர்ந்தால் தீங்கு? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி, குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராமும், காட்மியம் 0.003 மில்லிகிராமும், குரோமியம் 0.05 மில்லிகிராமும், பாதரசம் 0.001 மில்லிகிராமும் தாண்டக் கூடாது. ஈயத்தின் கணக்கை வேறு விதமாகச் சொன்னால், 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பத்தில் ஒரே ஒரு கிராம் ஈயம் கரைந்திருந்தால் அதுவே எல்லை! இவ்வளவு நுண்ணிய அளவை நாவும் மூக்கும் எப்படி அறியும்?

ஈயம் வளரும் குழந்தைகளின் மூளையைத் தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்கும். காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் அரிக்கும். ஜப்பான் நாட்டின் தோயாமா மாவட்டத்தில் சுரங்கக் கழிவால் காட்மியம் கலந்த ஜின்சு ஆற்று நீரை வயலுக்குப் பாய்ச்சினார்கள். அதில் விளைந்த அரிசியை உண்ட பெண்கள், அதிலும் பிள்ளை பெற்று முதிர்ந்த தாய்மார்கள், எலும்பு நொறுங்கும் வேதனையில் துடித்தனர். வலி தாளாமல் அவர்கள் எழுப்பிய ‘இத்தாய், இத்தாய்’ என்னும் கூக்குரலே அந்நோய்க்குப் பெயராயிற்று. காட்மியமே அதற்குக் காரணம் என்று 1968-இல் அந்நாட்டரசு ஏற்றுக்கொண்டது. ஆற்று நீரைப் பாய்ச்சி நெல் விளைவித்து உண்ணும் நமக்கு இச்செய்தி தொலைதூரத்துக் கதை அன்று.

இடிபாடு நஞ்சைப் பிடிக்கும் விதம்

சிமெண்டு தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது, கால்சியமும் சிலிக்காவும் பிணைந்த ஒரு பசைப் பொருள் உண்டாகிறது. கூடவே சுண்ணாம்பும் தோன்றுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து இடித்தாலும் இவற்றில் பெரும்பகுதி கான்கிரீட்டின் உள்ளே அப்படியே இருக்கும். அதைத் தூளாக்கி நீரில் இட்டால், சுண்ணாம்பு மெல்லக் கரைந்து நீரைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. ஈயம், செம்பு, துத்தநாகம், காட்மியம், நிக்கல் ஆகியவை புளிப்புத்தன்மையுள்ள நீரில் எளிதாகக் கரைந்திருக்கும். காரம் ஏறினால் கரைந்திருக்க இயலாமல் திப்பியாகத் திரண்டு கீழே படியும். இது முதல் வழி.

சிமெண்டுப் பசை தன்னிடமுள்ள கால்சியத்தை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக நீரிலுள்ள உலோகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வது இரண்டாவது வழி. ஒருவர் எழுந்து சென்ற இருக்கையில் மற்றொருவர் வந்து அமர்வதற்கு இதனை ஒப்பிடலாம். மூன்றாவது வழி செங்கல்லுக்கு உரியது. செங்கல் சிவந்திருப்பது அதிலுள்ள இரும்பு ஆக்சைடால். அந்த இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஆர்செனிக் போன்ற நஞ்சுகள் ஒட்டிக்கொள்ளும்.

ஏன் தூளாக்க வேண்டும்? ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கல்லின் ஆறு பக்கங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதையே ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள 1,000 துண்டுகளாக்கினால் பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகிறது. பரப்பு பெருகப் பெருக நஞ்சு ஒட்டுவதற்கு இடமும் பெருகும். ஆனால் மிகவும் நுண்ணியதாக்கினால் தண்ணீர் ஊடே செல்ல முடியாமல் அடைத்துக்கொள்ளும். ஆகவே வேலைக்கேற்ற பருமனைத் தேர்வது தனிக் கலை.

கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்து விட்டுத் தெளியவைக்கும் முறையை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். அது மண்ணையும் அழுக்கையும் படியச் செய்யும். தெளிவு வேறு, நஞ்சின்மை வேறு என்பதை மட்டும் இங்கே மறந்துவிடக் கூடாது.

வங்கத்தின் மூன்று குடங்கள்

செங்கல் துண்டும் கழிவு இரும்பும் மனித உயிரைக் காத்த கதை ஒன்று நம் அண்டை நாடான வங்காளதேசத்தில் நடந்தது. குளத்து நீரைக் குடித்துக் காலராவாலும் வயிற்றுப்போக்காலும் குழந்தைகள் மடிவதைத் தடுக்க, 1970-களிலிருந்து யுனிசெஃப் உதவியுடன் அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. நோக்கம் நல்லது, பலனும் கிடைத்தது. ஆனால் அந்த மண்ணுக்கடியில் இயற்கையாகவே ஆர்செனிக் இருந்ததை அப்போது எவரும் சோதிக்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1983-லேயே தோல் நோய் மருத்துவர் ஒருவர் இந்நஞ்சின் அறிகுறிகளைக் கண்டறிந்தார். வங்காளதேசத்தில் 1993-இல்தான் அது கிணற்று நீரில் உறுதிப்பட்டது. மூன்றரைக் கோடி முதல் ஏழே முக்கால் கோடி வரையிலான மக்கள் அபாயத்தில் உள்ளனர் என்றும், ஒரு மக்கள் கூட்டம் இவ்வளவு பெரிய அளவில் நஞ்சூட்டப்பட்டது வரலாற்றிலேயே இல்லை என்றும் 2000-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஆய்வாளர்கள் எழுதினர்.

உள்ளங்கையும் பாதமும் காய்த்துப்போயின; உடலில் கரும்புள்ளிகள் படர்ந்தன; பின்னர்ப் புற்றுநோய் வந்தது. தொற்றுநோய் என்று தவறாக எண்ணி, பாதிக்கப்பட்ட பெண்களை மணக்க மறுத்தனர். மணந்தவர்களில் சிலர் கைவிட்டனர். ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். சிவப்புப் பூசப்பட்டவை மட்டும் ஏறத்தாழ 14 லட்சம்!

குஷ்தியா ஊரைச் சேர்ந்தவர் அபுல் ஹுஸ்ஸாம். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். தம் குடும்பத்தாரும் ஊராரும் குடிக்கும் நீரில் இந்நஞ்சு இருப்பதை அறிந்தபோது, மருத்துவரான தம் சகோதரருடன் சேர்ந்து தீர்வு தேடினார். அங்கே ‘மூன்று கலசம்’ என்று பெயர்பெற்ற முறை ஒன்று அப்போது சோதிக்கப்பட்டது. மண்குடங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்குடத்தில் இரும்புத் தூளும் மணலும், நடுக்குடத்தில் மரக்கரியும் மணலும் செங்கல் துண்டும் இட்டு, அடிக்குடத்தில் நீரைப் பிடித்தனர். நஞ்சு அகன்றது. ஆனால் சில மாதங்களில் இரும்புத் தூள் துருப்பிடித்துக் கட்டியாகி நீர்வழியை அடைத்தது.

ஹுஸ்ஸாம் பல ஆண்டுகள் உழைத்து, இறுகி அடைத்துக்கொள்ளாத வகையில் இரும்பைப் பக்குவப்படுத்தினார். பட்டறைகளில் இரும்பைக் கடையும்போது சுருள்சுருளாக விழும் கழிவே அதற்கு மூலப்பொருள். இரண்டு வாளிகள், ஆற்று மணல், பக்குவம் செய்த இரும்பு, மரக்கரி, செங்கல் ஜல்லி. இவ்வளவே! மின்சாரம் வேண்டாம்; மருந்து வேண்டாம். ‘சோனோ’ என்று பெயரிடப்பட்ட இவ்வடிகட்டிக்கு 2007-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 10 லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசை வழங்கியது. அப்பரிசில் நூற்றுக்கு 70 பங்கை ஏழைகளுக்கு வடிகட்டி வழங்கவும், 25 பங்கை மேலும் ஆராயவும், 5 பங்கைத் தம் பல்கலைக்கழகத்திற்கும் ஒதுக்குவதாக அப்பேராசிரியர் அறிவித்தார். கல்வியும் ஈகையும் ஓர் உள்ளத்தில் இணைந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதில் உற்றுநோக்க வேண்டியது ஒன்றுண்டு. நஞ்சைப் பிடிப்பதில் முதன்மையான பங்கு இரும்புக்கே. இரும்பு துருவாக மாறும்போது அதன் மேற்பரப்பில் ஆர்செனிக் இறுகப் பிணைகிறது. செங்கல் ஜல்லியும் மணலும் துணைநின்று, கசிந்துவரும் துருவைத் தடுத்து நிறுத்துகின்றன. இடிபாட்டுச் செங்கல்லை மட்டும் குடத்தில் போட்டால் சோனோ ஆகிவிடாது.

ராணிப்பேட்டை தரும் பாடம்

தமிழ்நாட்டிலேயே உலோக நஞ்சின் கொடுமையைக் காண வேண்டுமாயின் பாலாற்றங்கரைக்குச் செல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களின் தோல் தொழில் நம் சமுதாயத்தவர் பலரின் உழைப்பால் வளர்ந்தது. பள்ளிவாசல்களையும் கல்லூரிகளையும் அனாதை இல்லங்களையும் வாழவைத்த தொழில் அது. அதே தொழிலின் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது என்பதும் மறைக்க முடியாத உண்மை. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாகக் கூறும் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. தோல் பதனிடும் மற்றொரு வட்டாரமான திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டுவிட்டதாகவும் அதில் பதிவாகியுள்ளது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிசெய்த தீர்ப்பு அதுவே. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும், மாசு செய்தவர்களிடம் அதனை வசூலிக்கவும் 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு ஆகியும் ஆறு தெளியவில்லை என்பதே இதன் பொருள்.

ராணிப்பேட்டையில் குரோமிய உப்புகள் தயாரித்து, 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஓர் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை மலைபோல் குவித்துவிட்டுச் சென்றது. 2006-இல் ஒரு பன்னாட்டு ஆய்வமைப்பு உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களுள் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது.

இங்கே கான்கிரீட் தூள் உதவுமா? உதவாது. இதை அறிந்துகொள்வது மிகவும் அவசியம். குரோமியத்தில் இரு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் வகை. அது காரமான நீரில் எளிதில் படிந்துவிடும். அதற்குக் கான்கிரீட் தூள் ஏற்றது. ராணிப்பேட்டைக் கழிவுமேட்டிலிருந்து கசிவது ஆறாம் வகை. மஞ்சள் நிறமானது, புற்றுநோய் தருவது. காரம் ஏறினாலும் அது கரைந்தே இருக்கும். அதனை முதலில் இரும்பு கொண்டு மூன்றாம் வகையாக மாற்ற வேண்டும்; அதன் பிறகே படியவைக்க முடியும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் நகரில் 1996-இல் இப்படித்தான் செய்தார்கள். 46 மீட்டர் நீளமும் 7.3 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் தோண்டி, அதில் இரும்புத் துருவலை நிரப்பி, நிலத்தடி நீர் அதன் ஊடே செல்லுமாறு ஒரு சுவரைப் போல அமைத்தார்கள். ஆறாம் வகைக் குரோமியம் அச்சுவரைத் தாண்டவில்லை.

நோய் எதுவென்று அறியாமல் மருந்து கொடுக்கும் மருத்துவர் உண்டோ? நஞ்சு எதுவென்று அறியாமல் வடிகட்டி அமைப்பதும் அத்தகையதே.

செய்யலாகாதவை

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, வீட்டுக் கொல்லையிலுள்ள இடிபாட்டை எடுத்துக் கிணற்றில் போட்டுவிட வேண்டாம் என்று சகோதர சகோதரிகளை அன்புடன் எச்சரிக்கின்றோம். காரணங்கள் நான்கு.

முதலாவது, புதிதாக உடைத்த கான்கிரீட் தூள் நீரின் காரத்தன்மையை 11, 12 என்னும் அளவுக்கு உயர்த்திவிடும். குடிநீருக்கு விதிக்கப்பட்ட அளவு 6.5 முதல் 8.5 வரை மட்டுமே. அத்தகைய நீர் தோலையும் தொண்டையையும் அரிக்கும். அன்றியும் காரம் மிக ஏறினால், படிந்த ஈயமும் துத்தநாகமும் மீண்டும் கரையத் தொடங்கும். ஆகவே கான்கிரீட் தூள் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முதற்கட்ட வேலைக்கு உரியது. சமையலறைக் குடத்திற்கு உரியதன்று.

இரண்டாவது, இடிபாடே நஞ்சு கொண்டிருக்கலாம். வீட்டுப் பூச்சு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வண்ணம் பூசிய சுவரையும் கதவையும் தூளாக்கினால் ஈயமும் கூடவே வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை உடைக்கவே கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும்.

மூன்றாவது, கடற்கரைக் கட்டடங்களின் காரையில் உப்பு ஏறியிருக்கும். நல்ல நீரில் அதைப் போட்டால் உவர்ப்புச் சேரும்.

நான்காவது மிக முக்கியமானது. நஞ்சைப் பிடித்த தூள், தானே நஞ்சாகிவிடுகிறது. அதை வாய்க்காலில் கொட்டினால், ஓரிடத்து நஞ்சை மற்றோரிடத்திற்கு மாற்றியவர்களாவோமே தவிர அகற்றியவர்களாக மாட்டோம். அத்தூளைச் சிமெண்டில் கலந்து கட்டியாக்கி, அதற்கென அமைந்த பாதுகாப்பான குழியில் சேர்ப்பதே முறை. இந்தக் கடைசிக் கடமையைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டமும் அரைகுறைத் திட்டமே.

மஹல்லா செய்யக் கூடியவை

அப்படியானால் நம் பங்கு என்ன? பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று எனக் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். வீட்டை இடித்துப் பாதையிலும் நீர்வழியிலும் கொட்டுவது அக்கிளையை நாமே ஒடிப்பதாகும். கட்டட இடிபாட்டைத் தெருவிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது, பிரித்து வைத்து உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி வகுத்தது. 2025-இல் அதனினும் விரிவான புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 அவற்றின் நடைமுறை நாளாகக் குறிக்கப்பட்டது. சட்டம் சொல்வதும் மார்க்கம் சொல்வதும் இங்கே ஒன்றே.

வீடு இடிக்கும்போதே கொத்தனாரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் சொல்லி, செங்கல் தனி, கான்கிரீட் தனி, மரமும் இரும்பும் தனி, வண்ணம் பூசிய பகுதி தனி எனப் பிரிக்கச் செய்யலாம். கலந்துவிட்டால் எதற்கும் பயன்படாது. பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பயனுண்டு. ஒப்பந்தம் எழுதும்போதே இடிபாடு எங்கே செல்லும் என்பதையும் எழுத வேண்டும். இதைக் கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. கேட்காதிருந்தால் இறைவனிடம் பதில் சொல்லும் பொறுப்பும் உண்டு.

நம் வீட்டுக் கிணற்று நீரையும் பள்ளிவாசலின் ஆழ்குழாய் நீரையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. அப்போது உப்பும் கிருமியும் மட்டுமன்றி, ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றையும் பார்க்குமாறு எழுதிக் கேட்க வேண்டும். கேட்டாலன்றி அவற்றைச் சோதிப்பது வழக்கமில்லை. ஜமாஅத் நிர்வாகம் பத்து வீடுகளுக்கு ஒன்றாக நீர் மாதிரி எடுத்து, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் ஊர் முழுவதும் பயன்பெறும். வங்காளதேசத்தின் சிவப்பும் பச்சையும் அதைத்தான் செய்தன.

பட்டறையோ, பேட்டரிக் கடையோ, முலாம் பூசும் தொழிலோ நடத்தும் சகோதரர்களுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். கழிவுநீரைச் சாக்கடையில் விடுமுன் அதனைச் சுத்தம் செய்ய வேண்டும். செலவு அதிகம் என்பதே பலரின் தடை. அங்கேதான் மலிவான இடிபாட்டுத் தூளுக்கு இடமிருக்கிறது. எந்தத் தொழிலின் கழிவுக்கு எந்தத் தூள், எந்தப் பருமனில், எத்தனை நாளுக்கு உதவும் என்பதைச் சோதித்துச் சொல்லும் ஆற்றல் நம் ஊரிலேயே உண்டு. புதுச்சேரித் தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2010 முதல் காரைக்கால் மண்ணிலேதான் இயங்குகிறது. வேளாண்மைக் கல்லூரியும் உள்ளது. வேதியியலும் கட்டடப் பொறியியலும் பயிலும் நம் பிள்ளைகள் இதனைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய மாணவ மாணவியருக்கு உதவித்தொகை வழங்க ஜமாஅத்துகளும் வசதி படைத்தோரும் முன்வர வேண்டும். ரூமா கிணற்றை வாங்கிய கரங்களின் வழியில் இக்காலத்துக்கு ஏற்ற வக்ஃபு இதுவாகவும் இருக்கலாம்.

வீட்டுத் தாய்மார்களுக்கு ஒரு சொல். பழைய பேட்டரி, உடைந்த குழல்விளக்கு, கெட்டுப்போன கைப்பேசி ஆகியவற்றைக் குப்பையோடு சேர்த்துக் கொல்லையில் எரிக்க வேண்டாம். அவற்றிலுள்ள ஈயமும் பாதரசமும் காட்மியமும் மழையில் இறங்கி, நாளை நம் பிள்ளைகள் குடிக்கும் நீரையே தேடி வரும். நீரில் கலந்த நஞ்சை எடுக்க ஆயிரம் வழி தேடுவதைக் காட்டிலும், கலக்காமல் காப்பது எளிது, மலிவு, நன்மை.

இறைவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்பது நம் நம்பிக்கை. மனிதன் வேண்டாமென்று எறிந்த கல்லிலும் துருவிலும் நஞ்சைக் கட்டும் ஆற்றலை அவன் வைத்திருக்கிறான். அதைத் தேடி அறிவதும், அளந்து பயன்படுத்துவதும், பிறர்க்குத் தீங்கின்றி முடிப்பதும் நம் கடமை. அரசலாற்றுக் கரையில் வாழும் நமக்கும், நம் பின்வரும் தலைமுறைக்கும் தூய நீரை வல்ல அல்லாஹ் நீடித்து வழங்குவானாக! அதைக் காக்கும் அறிவையும் பொறுப்பையும் நம் உள்ளங்களில் தருவானாக! ஆமீன்.